கறுப்புக் காய்களுக்குக் கிடைத்த மகுடம்

பீர்மேட்டுத் தோட்ட லயத்துத் திண்ணையானாலும் சரி, பட்டணத்துச் சதுரங்கக் கழகமானாலும் சரி, பலகையை விரித்தவுடன் எல்லோரும் கேட்பது வெள்ளைக் காய்களைத்தான். முதல் நகர்த்தல் வெள்ளைக்கு என்பதே காரணம். கறுப்பு ஆடுகிறவர் ஓர் அடி பின்தங்கியே தொடங்குகிறார். பெரிய போட்டிகளிலும் கறுப்புக் கிடைத்தவர், தோற்காமல் சமன் செய்தாலே போதும் என்று எண்ணுவது வழக்கம்.

ஆனால் உலகப் பட்டத்துக்கான கடைசி ஆட்டத்திலேயே கறுப்பு ஆடி வென்றவர்கள் சென்னையைச் சேர்ந்த இருவர்.

முதலாமவர் விசுவநாதன் ஆனந்த். 2010-ல் பல்கேரியத் தலைநகர் சோபியாவில் அந்நாட்டு வீரர் டோபலோவை எதிர்த்தார். ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோகவே, ஜெர்மனியிலிருந்து தரை வழியாகப் போய்ச் சேர்ந்தார். முதல் ஆட்டத்தில் தோல்வி. ஆயினும் 11 ஆட்டங்கள் முடிந்தபோது இருவருக்கும் தலா 5½ புள்ளிகள். மே 11 அன்று நடந்த கடைசி ஆட்டத்தில் வெற்றிக்குத் துணிந்த டோபலோவ், தம் ராஜாவின் காவலைத் தாமே திறந்துவிட்டார். கறுப்பு ஆடிய ஆனந்த் அந்த வாய்ப்பை விடவில்லை. பட்டம் அவரிடமே நின்றது.

இரண்டாமவர் குகேஷ். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். எதிரே உலக சாம்பியனான சீன வீரர் டிங் லிரன். 13 ஆட்டங்களில் இருவருக்கும் தலா 6½ புள்ளிகள். கடைசி ஆட்டத்தில் குகேஷுக்குக் கறுப்பு. கையில் ஒரு சிப்பாய் அதிகம். எனினும் ஆட்டம் சமனாகவே முடியும் என்று பலரும் எண்ணினர். சமன் என்று கைகொடுத்திருந்தால் மறுநாள் வேக ஆட்டங்கள்தான். குகேஷ் கைகொடுக்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தார்.

55-வது நகர்த்தலில் டிங், யானைக்கு யானை வெட்டிக்கொள்ள முன்வந்தார். தம் மந்திரி மூலையில் அகப்பட்டுக் கிடப்பதைக் கவனிக்கவில்லை. யானைகள் போயின; மந்திரிகளும் வெட்டுப்பட்டே தீரவேண்டிய நிலை. எஞ்சிய சிப்பாய் ஆட்டத்தில் கறுப்புக்கே வெற்றி. 58 நகர்த்தல்களில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

18 வயதில் உலக சாம்பியன்! 1985-ல் 22 வயதில் பட்டம் வென்ற சோவியத் வீரர் காஸ்பரோவின் சாதனை முறிந்தது. அவரும் கார்ப்போவுக்கு எதிரான கடைசி ஆட்டத்தைக் கறுப்புக் காய்களால்தான் வென்றார்!

முதல் நகர்த்தல் பிறர் கையில் இருக்கலாம். கடைசி நகர்த்தல் வரை பொறுமை வேண்டும். அடுத்த முறை கறுப்புப் பக்கம் உட்கார நேர்ந்தால் முகம் சுளிக்க வேண்டியதில்லை.