இணையச் சந்தையில் பூட்டு விற்போர் விலை வகுக்கும் முறை

திண்டுக்கல் பூட்டுக்கு அறிமுகம் தேவையில்லை. தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்யப்பட்டுவரும் இப்பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும், அலிகாரிலிருந்து வரும் மலிவான பூட்டுகளின் போட்டியால் இத்தொழில் நலிவுற்றிருப்பதை நாம் அறிவோம். இந்நிலையில், இணையச் சந்தையின் வாயிலாக நேரே விற்கலாமென்று தொழிலாளர் எண்ணுவது வரவேற்கத்தக்கதே. ஆனால், பட்டறை வாசலில் கூறும் விலையையே அங்கும் கூறினால் கைமுதலுக்கே மோசம் வந்துவிடும்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். மாங்காய்ப் பூட்டு ஒன்றுக்கு உலோகமும் கூலியும் சேர்ந்து அடக்கம் ரூ. 400 என்று வைத்துக்கொள்வோம். (தம் உழைப்புக்குக் கூலி போடாமலே கணக்குப் பார்ப்பது நம் கைத்தொழிலாளரின் பழைய வழக்கம், அதை விட்டொழிக்க வேண்டும்.) பெட்டிக்கு ரூ. 20, அனுப்புகூலி ரூ. 70, விரும்பும் லாபம் ரூ. 60. ஆக ரூ. 550. சந்தை நடத்துவோர் பெறும் தரகு நூற்றுக்குப் பத்து எனில், அத்தரகின்மீது 18 சதவிகிதம் சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு. மொத்தப் பிடித்தம் நூற்றுக்கு 11.80 ஆகிறது.

இங்கேதான் பலர் தவறிவிடுகின்றனர். 550-உடன் அதில் 11.8 சதவிகிதத்தைக் கூட்டி ரூ. 615 என்று விலை குறிக்கின்றனர். தரகோ, அடக்கத்தின்மீதன்று, விற்பனை விலையின்மீது கணக்கிடப்படுகிறது. ஆகவே 615-இல் சுமார் ரூ. 72.50 கழிந்து, கைக்கு வருவது ரூ. 542.50 மட்டுமே. 550-ஐ நூறால் பெருக்கி, பிடித்தம் போக மிஞ்சும் 88.2-ஆல் வகுப்பதே சரியான முறை. அப்போது விலை ரூ. 624 ஆகும்.

திரும்பி வரும் சரக்கையும் மறத்தலாகாது. பத்துப் பூட்டுகளில் ஒன்று திரும்பினால், போகவர கூலியும் பெட்டியுமாக ரூ. 160 நஷ்டம். அது விற்ற ஒன்பதின்மீது தலைக்கு ரூ. 18 வீதம் விழுகிறது. 568-ஐ முன்போல் வகுத்தால் விலை ரூ. 644.

பூட்டு அளவிற் சிறியது, எடையிற் பெரியது. அனுப்புகூலியோ எடைப்படிகளின்படி உயர்வது. பெட்டியின் கனத்தால் அரைக்கிலோவைச் சற்றே தாண்டினாலும் அடுத்த படியின் கூலியைக் கொடுக்க நேரிடலாம். ஆதலின் பெட்டியோடு நிறுத்த பின்னரே விலை வைத்தல் வேண்டும்.

பதிவு வரம்புக்கு உட்பட்ட சிறு விற்பனையாளர், மாநிலத்துக்குள் மட்டும் விற்பதாயின், வரிப்பதிவின்றியே, இதற்கென வழங்கப்படும் சேர்க்கை எண்ணைக் கொண்டு இணையச் சந்தையில் விற்க 2023 அக்டோபர் முதல் இடமளிக்கப்பட்டுள்ளது. தரகின்மீதான வரியை அவர்கள் ஈடுசெய்துகொள்ள இயலாதாகையால், அதுவும் செலவே.

பண்டிகைக் காலத்தில் நூற்றுக்குப் பத்துத் தள்ளுபடி தருமாறு சந்தையார் அழைக்கக்கூடும். ரூ. 644 அப்போது ரூ. 579.60 ஆகும், பிடித்தம் போகக் கிடைப்பது ரூ. 511. செலவு மட்டுமே ரூ. 508 ஆகையால், அறுபது ரூபாய் லாபத்தில் மிஞ்சுவது மூன்று ரூபாய். தள்ளுபடிக்கு இசைவதாயின், அதற்கான இடத்தை முதல் விலையிலேயே வைத்திருத்தல் வேண்டும்.