மூக்கோரம் ஒரு வெள்ளைக் கோடு

"மாஸ்க்கு போட்டவனுக்கும் வந்துது, போடாதவனுக்கும் வந்துது. அப்புறம் இன்னாத்துக்கு சார் அது?"

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரிலோ, கிழக்குக் கடற்கரைச் சாலையோர டீக்கடை பெஞ்சிலோ கொரோனா பேச்சு எழுந்தால் இந்தக் கேள்வி வராமல் போகாது. கேட்கிறவர் வம்புக்குக் கேட்பதில்லை. வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவராக இருப்பார். இல்லையென்றால் தாடைக்குக் கீழே தொங்கிய மாஸ்க்குக்காக 200 ரூபாய் அபராதம் கட்டியவராக இருப்பார். அவர்களிடம் "கட்டாயம் காப்பாற்றும்" என்றாலும் பொய், "அதெல்லாம் சும்மா" என்றாலும் பொய். டீ வரட்டும், பொறுமையாகவே பேசலாம்.

செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பர் 29இல். நூறு நாள் ஆவதற்குள், 2020 மார்ச் 7ஆம் தேதி, தமிழ்நாட்டின் முதல் கொரோனா தொற்று உறுதியானது. ஓமனிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர் ஒருவருக்கு. அதன் பிறகு கோயம்பேடு சந்தை, தாம்பரம், பல்லாவரம் என்று சென்னையை ஒட்டிய பக்கமெல்லாம் பரவி, சென்னைக்கு அடுத்தபடியாக அதிகம் அடிபட்ட மாவட்டங்களில் ஒன்றாயிற்று செங்கல்பட்டு. ஏப்ரல் நடுவிலேயே மத்திய உள்துறை பொது இடத்தில் முகத்தை மூடச் சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனமோ ஜூன் 5 வரை பொதுமக்கள் எல்லோரும் போட வேண்டும் என்று சொல்லவில்லை. ஜூலையில் ரேஷன் கடையில் ஆளுக்கு இரண்டு துணி மாஸ்க் கொடுத்தார்கள். வேண்டாம், வேண்டும், துணியே போதும், துணி போதாது, இரண்டாகப் போடு என்று இரண்டு வருடம் கேட்டுக் கேட்டு ஜனங்கள் அலுத்துப்போனதில் வியப்பில்லை.

முதலில் மாமல்லபுரத்துக்குப் போவோம். ஐந்து ரதம் போகும் வழியில் சிற்பக் கூடங்களைப் பார்த்திருப்பீர்கள். கருங்கல்லை கட்டரால் அறுக்கும்போது எழும் வெண்புகையில் ஆளே தெரியமாட்டார். பலரும் மூக்கில் கட்டியிருப்பது ஒரு துண்டுதான். வேலை முடிந்து அதை அவிழ்க்கும்போது கிட்டே போய்ப் பாருங்கள். துண்டின் வெளிப்பக்கம் மாவு பூசியதுபோல் இருக்கும். அதில் அதிசயமில்லை. மூக்கின் இரு ஓரமும், கண்ணுக்குக் கீழே, ஒரு வெள்ளைக் கோடு ஓடும். காற்று உள்ளே நுழைந்த பாதை அது. மூச்சை இழுக்கும்போது காற்று துணியின் இழை வழியே சிரமப்பட்டு வருவதில்லை. எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே புகுந்துவிடுகிறது. தூசி அந்த வழியைக் காட்டிக்கொடுக்கிறது. கிருமிக்கு நிறம் கிடையாது, அதனால் மாஸ்க் போட்ட யாரும் தன் மூக்கோரத்துக் கோட்டைப் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் அந்தத் துண்டு சொல்லும். கண்ணுக்குத் தெரிகிற தூசியைத் துண்டு பிடித்துவிடுகிறது, அதைப் பார்த்து "தடுத்துவிட்டது" என்று மனம் ஆறுகிறது. ஆனால் நுரையீரலைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத தூள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் வருவது ஒரு மைக்ரான். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். பத்து மைக்ரானுக்குக் குறைந்த சிலிகாத் தூள்தான் நுரையீரலின் அடி வரைக்கும் போய்ப் படிந்து சிலிக்கோசிஸ் நோயைக் கொண்டுவருகிறது, கூடவே காசநோய்க்கும் கதவைத் திறந்துவிடுகிறது. அதற்குத் துண்டு காணாது. தண்ணீர் விட்டு அறுப்பது முதல் பாதுகாப்பு, முகத்தில் ஒட்டி நிற்கும் முறையான மாஸ்க் அடுத்தது. 2017இல் புவிசார் குறியீடு வாங்கிய தொழில் இது. செதுக்குகிறவர்களின் நுரையீரலுக்கும் அந்தக் கவனத்தில் கொஞ்சம் கிடைத்திருக்கலாம்.

அடுத்து, மாஸ்க் எப்படி வடிகட்டுகிறது. எல்லோர் மனதிலும் இருப்பது டீ வடிகட்டிதான்: ஓட்டையைவிடப் பெரிய தூள் நிற்கும், சிறியது இறங்கிவிடும். "கொரோனா கிருமி 0.1 மைக்ரான்தானே, மாஸ்க் ஓட்டையோ அதைவிடப் பெரிசு, எப்படி நிற்கும்?" என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய கணக்கு இதை நம்பித்தான் வந்தது. நல்ல மாஸ்க் அப்படி வேலை செய்வதே இல்லை. உள்ளே இழைகள் தாறுமாறாக, அடுக்கடுக்காகக் கிடக்கும். பெரிய துகள் காற்றோடு சேர்ந்து வளையத் தெரியாமல் நேரே போய் இழையில் மோதும். மிகச் சிறிய துகளோ காற்று மூலக்கூறுகளிடம் இடிபட்டு அங்குமிங்கும் அலைந்து, எங்காவது ஓர் இழையில் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில், சுமார் 0.3 மைக்ரான் அளவில் இருப்பதுதான் மோதவும் தெரியாமல், அலையவும் தெரியாமல் தப்பிக்கிற ரகம். ஆகவேதான் என்95 மாஸ்க்கை அந்த அளவில் வைத்துச் சோதிக்கிறார்கள். பிடிக்கக் கடினமான அந்தத் துகளில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடித்தால்தான் அந்தப் பெயர். அதைவிடச் சிறியது இன்னும் சுலபமாகவே சிக்கும். போதாததற்கு, வைரஸ் தனியாகப் பறப்பதில்லை. பேசும்போதும் இருமும்போதும் வெளிவரும் ஈரத் துளியில் ஏறித்தான் வருகிறது.

இழையில் நிலைமின்சாரமும் ஏற்றியிருக்கிறார்கள். துகளை அது இழுத்துக்கொள்கிறது, அதனால் மூச்சு முட்டாத அளவுக்கு மெல்லிய அடுக்கே போதுமானதாகிறது. என்95ஐ சோப்பு போட்டுத் துவைத்து மொட்டைமாடியில் காயவைத்தவர்கள் ஏராளம். துவைத்தால் அந்த மின்சாரம் போய்விடும். பார்க்க மாஸ்க்தான், வேலைக்குத் துணி. முன்னால் பித்தான்போல் வால்வு வைத்தது வேறு ஒரு கூத்து. உள்ளே வரும் காற்றை வடிகட்டும், வெளியே விடும் மூச்சை அப்படியே ஊதிவிடும். 2020 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறை மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி அதை வேண்டாம் என்றது. அதற்குள் கடைகளில் அதுதான் உசத்தி என்று விற்றுத் தீர்ந்திருந்தது.

வால்வு விஷயம் இன்னொரு கேள்வியைக் கொண்டுவருகிறது. மாஸ்க் யாரைக் காப்பாற்ற? போடுகிறவரையா, எதிரில் இருப்பவரையா? இரண்டு பேரையும், ஆனால் ஒரே அளவில் அல்ல. வாயிலிருந்து கிளம்பும் துளி வெளியேறும் நொடியில் பெரிதாக இருக்கிறது, எளிய துணிகூடப் பாதி வேலை செய்துவிடும். காற்றில் உலர்ந்து சுருங்கி மிதந்து எதிராளியிடம் வரும்போது அதையே தடுப்பது கடினம். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு சலூனில் 2020 மே மாதம் தொற்றோடு இரண்டு பேர் முடிதிருத்தினார்கள். 139 வாடிக்கையாளர்கள். இரு தரப்பும் மாஸ்க். ஒருவருக்கும் அறிகுறி வரவில்லை, சோதனைக்கு ஒப்புக்கொண்ட 67 பேருக்கும் தொற்று இல்லை. ஒரு சலூனை வைத்து உலகத்தை முடிவு கட்ட முடியாது என்றாலும், இரண்டு பேருமே போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

இங்கே செங்கல்பட்டுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. "இது காப்பாற்றுமா?" என்ற கேள்வியை உலகத்திலேயே மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த மாவட்டங்களில் இது ஒன்று. 1968இல், இன்றைய திருவள்ளூரும் சேர்ந்திருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சோதித்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் ஊசி என்பது போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. முதல் முடிவு 1979இல் வந்தபோது மருத்துவ உலகமே அதிர்ந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்த பிறகும் அதே கதைதான். ஆனாலும் இன்றும் பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. போடுகிறோம். காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளிலிருந்து குழந்தையை அது காக்கிறது என்பதால். எதிலிருந்து, யாரை என்று பிரித்துக் கேட்காதவரை பதில் கிடைக்காது என்பதை இந்த மண்ணின் ஜனங்கள் கை நீட்டி ஊசி போட்டுக்கொண்டு உலகத்துக்குக் காட்டினார்கள்.

மாஸ்க்குக்கும் அப்படிச் சோதனைகள் நடந்தன. டென்மார்க்கில் 2020இல் சுமார் 6,000 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவை சிகிச்சை மாஸ்க் கொடுத்தார்கள். தொற்றியது மாஸ்க் வாங்கிய பக்கம் 1.8 சதவீதம், மற்ற பக்கம் 2.1 சதவீதம். வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுக்குச் சின்னது. சுற்றியிருந்தவர்கள் பெரும்பாலும் போடாத ஊரில், போட்டவரை மட்டும் அளந்த சோதனை அது. எதிராளிக்குக் கிடைத்த நன்மை அந்தக் கணக்கிலேயே வராது.

நம் ஊருக்குப் பக்கத்துக் கணக்கு வங்கதேசத்துடையது. 600 கிராமங்கள், மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பெரியவர்கள். பாதி கிராமங்களில் இலவச மாஸ்க் கொடுத்து, மசூதியிலும் சந்தையிலும் நின்று போடச் சொன்னார்கள். அப்படியும் போட்டவர்கள் 42 சதவீதம்தான், மற்ற கிராமங்களில் 13. அறுவை சிகிச்சை மாஸ்க் கொடுத்த ஊர்களில் அறிகுறியோடு உறுதியான தொற்று 11 சதவீதம் குறைந்தது. அறுபது தாண்டியவர்களிடம் 35 சதவீதம். துணி மாஸ்க் ஊர்களில் தெளிவான பலன் தெரியவில்லை. "வெறும் பதினொன்றா?" என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் போட்டதால் வந்த எண் அல்ல இது, பத்தில் மூன்று பேர் கூடுதலாகப் போட்டதற்கே வந்தது. நார்வேயில் 2023இல் நாலாயிரத்துச் சொச்சம் பேரிடம் செய்த சோதனையிலும், வெளியே போகும்போது போட்டவர்களிடம் சளி, காய்ச்சல் தொல்லை 8.9 சதவீதம், போடாதவர்களிடம் 12.2. அவர்களே சொன்ன கணக்கு என்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பத்து சதவீதம் என்பது எதற்கு உதவும்? நோயாளிகள் பத்துப் பேர் பதினோரு பேருக்குத் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூறு பேரில் தொடங்கினால் பத்துச் சுற்றில் ஒரு சுற்றுக்கு 259 பேர். பரவல் பத்தில் ஒன்று குறைந்தால் அதே பத்துச் சுற்றில் 90 பேர். ஒன்று ஏறும் கணக்கு, மற்றது இறங்கும் கணக்கு. 2021 ஏப்ரல், மே மாதங்களில் வந்த டெல்டா இதைவிடப் பல மடங்கு வேகம், மாஸ்க் மட்டும் அதை நிறுத்தியிருக்காது. ஆனால் மே 4ஆம் தேதி இரவை நினைத்துப் பாருங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததாலா என்று சர்ச்சை எழுந்தது, தட்டுப்பாடு இல்லை என்றது அரசு தரப்பு. எது எப்படியோ, ஒரே வாரத்தில் வந்து குவியும் கூட்டம் மூன்று வாரமாகப் பரந்து வந்தால் படுக்கையும் ஆக்சிஜனும் தாக்குப்பிடிக்கும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. கடற்கரை மின்சார ரயிலில் செங்கல்பட்டிலிருந்து போகிறவர்கள் தினமும் தாண்டும் ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். 1928இல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காக அங்கே மருத்துவமனை தொடங்கியபோது மருந்தே கிடையாது. திறந்த வெளியும் ஓடும் காற்றும்தான் வைத்தியம். காற்றில் பரவும் நோய்க்குக் காற்றோட்டம் எவ்வளவு முக்கியம் என்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் கொரோனா காலத்தில் நடந்தது தலைகீழ். கடற்காற்று அள்ளிக்கொண்டுபோகும் மணலில் தனியாக நடந்தவர் மாஸ்க் போட்டிருந்தார். ஏசி கல்யாண மண்டபத்தில் இருநூறு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிடுவதற்காக ஒரே நேரத்தில் கழற்றினார்கள். போட்டோவுக்கும் கழற்றினார்கள். மாஸ்க் தோற்ற இடம் இதுதான், அது மூக்கில் இல்லாத நேரம்.

மாஸ்க் மேல் சந்தேகம் புதிதல்ல. 1910இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் வந்தபோது, பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் தே காற்றில் பரவுகிறது என்று சொல்லி, பஞ்சும் கட்டுத்துணியும் வைத்து மாஸ்க் செய்து போடச் சொன்னார். பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னிக்கு அதில் நம்பிக்கை இல்லை. மாஸ்க் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார், சில நாளில் பிளேக்கால் இறந்தார். அன்றைக்கு அந்த ஒரு சாவு போதுமானதாக இருந்தது மற்றவர்கள் போட்டுக்கொள்ள.

ஆக, டீக்கடைக் கேள்விக்கு என் பதில் இது. துணி மாஸ்க் போடுகிறவரைக் கொஞ்சம்தான் காக்கும். அறுவை சிகிச்சை மாஸ்க் அதைவிட மேல். மூக்கோரம் இடுக்கில்லாமல் பொருந்திய என்95 நன்றாகவே காக்கும், தாடி இருந்தால் அதுவும் அரைகுறைதான். நம் நாட்டுத் தரத்தில் எஃப்.எஃப்.பி.2, ஐ.எஸ். 9473 என்று அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். அடுத்த முறை இருமலோடு அரசு மருத்துவமனை ஓ.பி. வரிசையில் நிற்க நேர்ந்தால், கொள்ளை நோய் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல், மூக்குக் கம்பியை இரண்டு விரலால் அழுத்திப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். உங்களுக்கு முன்னால் நிற்பவர் டயாலிசிஸுக்கு வந்தவராக இருக்கலாம்.