அந்தோனி என்றால் மலரா?

கொழும்பில் புறக்கோட்டையைத் தாண்டிக் கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம். செவ்வாய்க்கிழமைகளில் கத்தோலிக்கரோடு இந்துக்களும் பௌத்தர்களும் வந்து மெழுகுதிரி கொளுத்தி நேர்த்தி வைக்கிறார்கள். வேண்டுதல் பலித்த வீட்டில் பிள்ளைக்கு அந்தோனி என்று பெயர் வைப்பதும் உண்டு. ‘அந்தோனி என்றால் மலர்’ என்று பெயர்ப் புத்தகங்கள் சொல்லும். அழகான விளக்கம், ஆனால் ஆதாரம் இல்லாதது. அந்தோனியுஸ் என்பது ரோமானியக் குலப்பெயர். கிளியோபாத்ராவோடு சேர்த்துப் பேசப்படும் மார்க் அந்தோனி அந்தக் குலத்தவர்தான். ஹெர்குலிஸின் மகன் ஒருவனின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று அக்குலத்தார் பெருமை பேசியதைப் பழங்கால எழுத்தாளர் புளூட்டார்க் குறித்திருக்கிறார். மலரைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. இத்தாலியில் பழங்காலத்தில் வழங்கிய எத்ருஸ்க மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்பது அறிஞர்களின் ஊகம். உறுதியான பொருள் கிடைக்கவில்லை.

‘ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் எச் வருகிறதே, அது மலரைக் குறிக்கும் அந்தோஸ் என்ற கிரேக்கச் சொல்லின் அடையாளம் அல்லவா’ என்று கேட்கலாம். அந்த எழுத்து பிற்காலத்தில் நுழைந்தது. கிரேக்கத்தின் மீது மோகம் கொண்ட மறுமலர்ச்சிக் காலத்தவர், மூலம் அந்தோஸ்தான் என்று தவறாக எண்ணி அதைச் சேர்த்தார்கள். பழைய லத்தீனிலும் இன்றைய போர்த்துக்கீசத்திலும் இத்தாலியத்திலும் அது கிடையாது. நம் ‘அந்தோனி’ போர்த்துக்கீசர் வாய்மொழியைக் கேட்டு எழுந்த வடிவம். அவர்கள் உச்சரித்த பல்லொலிதான் நமக்குத் தகரமாகியிருக்கிறது. யாழ்ப்பாணத்தார் எழுதும் ‘அன்ரனி’ ஆங்கிலத்தின் வழி வந்தது.

பொருளே தெரியாத பெயரை ஏன் சூட்ட வேண்டும் என்ற கேள்விக்கு, கொச்சிக்கடைப் புனிதரின் வாழ்க்கையே பதில். 1195இல் லிஸ்பனில் பிறந்த அவருக்கு ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் பெர்னாண்டோ. கொழும்பிலும் தூத்துக்குடியிலும் எத்தனையோ குடும்பங்கள் தாங்கிவரும் அதே பெயர். அது ஜெர்மானிய மூலம் உடையது: பின்பாதி துணிவைக் குறிக்கும், முன்பாதி பயணமா சமாதானமா என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஆக, பொருள் நிறைந்த பெயர். 1220இல் மொரோக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் சகோதரர்களின் உடல்கள் போர்த்துக்கல் நகரான கொயிம்பிராவுக்குக் கொண்டுவரப்பட்டன. அப்போது அகுஸ்தீன் சபைத் துறவியாய் இருந்த பெர்னாண்டோ, தானும் அவர்களைப் போல் உயிர்கொடுக்க விரும்பிச் சபை மாறினார். அவர் போய்ச் சேர்ந்த மடம் எகிப்தியப் பாலைவனத் துறவி அந்தோனியாருக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்தத் துறவியின் பெயரையே தனக்கு எடுத்துக்கொண்டார். அகராதி பார்த்து எடுத்த பெயரல்ல. ஓர் ஆளைப் பார்த்து எடுத்த பெயர். 1231 ஜூன் 13ஆம் தேதி அவர் இறந்தார். ஓராண்டுக்குள் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. நாம் பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும்போதும் சொற்பொருளை யார் விசாரிக்கிறோம்? கொச்சிக்கடையில் நேர்ந்து பெற்ற பிள்ளைக்கு அந்தோனி என்று பெயரிடும் தாயும், எகிப்தியத் துறவியை எண்ணி அந்தப் பெயரை ஏற்ற பெர்னாண்டோ செய்ததைத்தான் செய்கிறாள்.