வாசனை தெரியவில்லையா? வயசின் மேல் பழி போடாதீர்கள்

பீங்கான் பட்டறையில் காலமெல்லாம் உழைத்த ஒருவர் "இப்பல்லாம் வாசனையே தெரிய மாட்டேங்குது" என்று சொன்னால், விருத்தாசலத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தூசி, சளி, வயசு, இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்கள். கண் மங்கினால் முகாமுக்கு அழைத்துப் போகிறோம். காது மந்தமானால் கருவி வாங்கித் தருகிறோம். மூக்கு வேலை செய்யவில்லை என்றால் மட்டும் அது ஒரு குறையாகவே நமக்குத் தோன்றுவதில்லை.

பெரும்பாலும் காரணம் சாதாரணமானதாகத்தான் இருக்கும். ஆனால் சிலருக்கு, கை நடுங்குவதற்கும் பெயர்கள் மறந்துபோவதற்கும் பல வருஷம் முன்பே, மூளையில் நடக்கும் மாற்றத்தை மூக்கு காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சிகள் இதை உறுதிப்படுத்தியிருக்கின்றன.

மூக்கிலிருந்து மூளைக்கு

மூக்கின் உச்சியில் தபால் தலை அளவுக்கு ஒரு சவ்வு இருக்கிறது. முகர்வு நரம்பு செல்கள் இருப்பது அங்கேதான். முந்திரி வறுக்கும் வாசமோ சூளைப் புகையோ உள்ளே போனதும் இந்தச் செல்களில் உள்ள ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. மனிதருக்குச் சுமார் 400 வகை ஏற்பிகள் உண்டு. இவற்றை உருவாக்கும் மரபணுக்களை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் செல்களின் மெல்லிய இழைகள் சல்லடைபோல் துளையிட்ட ஓர் எலும்பின் வழியே மேலேறி, மூளையின் அடிப்பகுதியிலுள்ள முகர்வுக் குமிழைச் சேர்கின்றன. பார்வையும் கேள்வியும் மூளைக்குள் பல இடங்களைக் கடந்து போக வேண்டும். வாசனைக்கு அந்தச் சுற்றுவழி இல்லை. குமிழிலிருந்து, உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு அது ஏறக்குறைய நேராகவே போய்விடுகிறது. மல்லிகை வாசம் பட்டதும் என்றோ நடந்த கல்யாணம் நினைவுக்கு வருவது இதனால்தான். நினைவையும் மனநிலையையும் தாக்கும் நோய்கள் வாசனையையும் சேர்த்துத் தாக்குவதற்கும் இந்த நெருக்கம் ஒரு காரணம்.

நடுக்கத்துக்கு முன்னால்

நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் நோயை 1817-இல் விவரித்தவர் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். நோயாளியின் புலன்கள் பாதிக்கப்படுவதில்லை என்று அவர் எழுதிவைத்தார். அவ்வளவு கூர்மையாகக் கவனித்தவர் கண்ணிலும் மூக்கின் குறை படவில்லை. இந்த நோயில் வாசனை குறைவதைப் பற்றிய ஆய்வு வெளிவர 1975 ஆயிற்று. இன்று நமக்குத் தெரிந்தவரை, பார்க்கின்சன் நோயாளிகளில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு முகர்வுத் திறன் குறைந்திருக்கிறது.

ஏன் முதலில் மூக்கு? ஜெர்மனியின் ஹைகோ பிராக் 2003-இல் முன்வைத்த விளக்கம் இது: நோயின் அடையாளமான புரதக் கட்டிகள் நடுக்கத்துக்குக் காரணமான பகுதியில் முதலில் சேர்வதில்லை. முகர்வுக் குமிழிலும், குடலோடு தொடர்புள்ள நரம்பு தொடங்கும் இடத்திலும்தான் முதலில் சேர்கின்றன. எல்லா நோயாளிகளுக்கும் இது பொருந்தாது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனாலும் நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்பே வாசனை குறைவதும் மலச்சிக்கல் வருவதும் ஏன் என்பதற்கு இது நல்ல விடை.

ஹவாயின் ஹொனலுலுவில் நடந்த ஆய்வைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 71 வயதைக் கடந்த 2,267 ஆண்களுக்கு முகர்வுச் சோதனை செய்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2008-இல் முடிவு வெளியானது. சோதனையில் கடைசிக் கால் பகுதியில் இருந்தவர்களுக்கு, மேல் பாதியில் இருந்தவர்களைவிட, அடுத்த நான்கு ஆண்டுகளில் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. இதைப் படித்தால் யாருக்கும் பயம் வரும். ஆனால் அத்தனை பேரிலும் நோய் வந்தவர்கள் மொத்தம் 35 பேர்தான். கடைசிக் கால் பகுதியில் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையினருக்கு நோய் வரவே இல்லை.

எனவே வாசனை குறைந்தவர் எல்லாம் பார்க்கின்சன் நோயாளி அல்ல. அதோடு வேறு அறிகுறிகளும் சேர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும். தூக்கத்தில் கத்துவது, கை கால் வீசி உதைப்பது, தீராத மலச்சிக்கல், நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருப்பது, கையெழுத்து வரவரச் சிறுத்துப்போவது ஆகியவை அவை.

மறதிநோயில்

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. மறதிநோய்களில் முதன்மையானது அல்சைமர். அது முதலில் கைவைக்கும் மூளைப் பகுதிகளில் ஒன்று, முகர்வுச் செய்தி வந்துசேரும் இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது. இந்த நோயாளிகள் வாசனையை அறவே இழப்பதைவிட, இன்ன வாசனை என்று அடையாளம் சொல்லத்தான் திணறுகிறார்கள். ஏதோ வாசம் வருகிறது, என்ன என்று தெரியவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமக்கு வாசனை குறைந்திருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. "உங்களுக்கு வாசனை தெரிகிறதா?" என்று கேட்டால் "நல்லாத் தெரியுதே" என்பார்கள். அதனால் கவனிக்க வேண்டியவர்கள் வீட்டிலிருப்பவர்கள்தான். எப்போதும் கைப்பக்குவமாகச் சமைக்கும் அம்மாவின் ரசத்தில் உப்போ புளியோ ஏறிக்கொண்டே போகிறது. பால் அடிப்பிடித்த நாற்றம் தெருவரை வந்தும் அடுப்படியில் நிற்பவருக்குத் தெரியவில்லை. ஊசிப்போன குழம்பை எடுத்து ஊற்றிக்கொள்கிறார்கள். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு போன்ற சில சுவைகள் மட்டுமே. மற்ற ருசி எல்லாம் மூக்கின் தயவு.

கடலை வெண்ணெயை மூக்கருகே வைத்து அல்சைமரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று 2013-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து ஒரு செய்தி வந்து உலகெங்கும் பரவியது. பிறகு வேறு ஆய்வாளர்கள் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அது மறுபடி வந்தால் நம்ப வேண்டாம்.

மனநோய்களில்

மனச்சிதைவு நோயுள்ளவர்களுக்கு வாசனைகளை அடையாளம் காணும் திறன் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. "மாத்திரை போடுவதால் வந்தது" என்று குடும்பத்தினர் நினைப்பது இயல்பு. ஆனால் மருந்தே தொடங்காதவர்களிடமும் இந்தக் குறை இருந்தது. 2000-ஆம் ஆண்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு ஸ்கேன் செய்து பார்த்தபோது, நோயாளிகளின் முகர்வுக் குமிழ் மற்றவர்களுடையதைவிடச் சிறுத்திருந்தது. எனவே மூக்கைக் காரணம் காட்டி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மனச்சோர்வு இரண்டு பக்கமும் வெட்டும். சோர்வில் இருப்பவருக்கு வாசனை சற்று மந்தமாகிறது. வாசனையை இழந்தவருக்கோ சாப்பாட்டில் பிடிப்புப் போய், தன் உடம்பு நாறுகிறதோ என்ற கூச்சம் வந்து, மனம் சோர்ந்துவிடுகிறது. கொரோனாவுக்குப் பிறகு பலர் இதை அனுபவித்தார்கள். "மூக்குதானே, உயிரா போயிடுச்சு?" என்று அவர்களிடம் சொல்வது கொடுமை.

நமக்கேற்ற சோதனை

உலகில் அதிகம் பயன்படும் முகர்வுச் சோதனையை 1984-இல் பென்சில்வேனியாவின் ரிச்சர்ட் டோட்டி உருவாக்கினார். அட்டையைச் சுரண்டி முகர்ந்து, 40 வாசனைகளை அடையாளம் சொல்ல வேண்டும். அதில் ரூட் பியர், ஜிஞ்சர்பிரெட், டில் ஊறுகாய் எல்லாம் உண்டு. மங்கலம்பேட்டையிலோ பெண்ணாடத்திலோ இருக்கும் ஒரு பாட்டி இவற்றில் தோற்றால், அது மூக்கின் தோல்வி ஆகாது. டெல்லி எய்ம்ஸ் நரம்பியல் மருத்துவர் மாதுரி பிஹாரியின் குழுவினர், இந்தியர்களுக்குப் பழக்கமான வாசனைகளைக் கொண்ட ஒரு சோதனையைப் பார்க்கின்சன் நோயாளிகளிடம் பயன்படுத்தி 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். இந்த வகை வேலை இன்னும் நிறைய நடக்க வேண்டும். பெருங்காயம், ஓமம், விபூதி, தாழம்பூ என்று தமிழ்நாட்டு மூக்குக்கென்றே ஒரு சோதனை, அரசு மருத்துவமனைகளில் வைக்கும் அளவுக்கு மலிவாக வந்தால் எத்தனையோ பேருக்கு உதவும்.

பட்டறையில் இருப்பவர்களுக்கு

நெய்வேலிப் பக்கத்து வெண்களிமண்ணும் செராமிக் காலேஜும் தொழிற்பேட்டையும் சேர்ந்து வளர்த்த ஊர் விருத்தாசலம். அகல் விளக்கும் பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்யும் கைகளுக்குச் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது தெரியும். மூக்கைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். மாங்கனீஸ் தாதுவை அரைத்த ஸ்காட்லாந்துத் தொழிலாளர்களுக்கு நடுக்குவாதம் போன்ற தளர்ச்சி வந்ததை ஜான் கூப்பர் 1837-லேயே எழுதினார். காட்மியம் தூசியைச் சுவாசித்த சுவீடன் பேட்டரித் தொழிலாளர்கள் வாசனையை இழந்ததை 1940-களின் கடைசியில் லார்ஸ் ஃபிரிபெர்க் பதிவுசெய்தார். பீங்கானுக்குப் பழுப்பும் கருப்பும் ஏற்ற மாங்கனீஸும், சிவப்பு, மஞ்சளுக்குக் காட்மியமும் உலகெங்கும் பயன்பட்டு வந்தவை.

வண்ணப் பொடி கலக்குபவர்களும் ஸ்பிரே அடிப்பவர்களும் வாங்கும் பொடியில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாயில் கைக்குட்டை கட்டுவது போதாது, என்95 முகக்கவசம் வேண்டும். காய்ந்த தரையைப் பெருக்காதீர்கள், தண்ணீர் தெளித்துத் துடையுங்கள்.

வீட்டில் கவனிக்கும் முறை

கண்ணை மூடச் சொல்லி, ஒரு மூக்குத் துளையைப் பொத்தி, காபித்தூள், பெருங்காயம், எலுமிச்சைத் தோல், சோப்பு என்று ஒவ்வொன்றாக மற்றத் துளையருகே காட்டுங்கள். கற்பூரமும் தைலமும் வேண்டாம், மூக்குப்பொடியும் கூடாது. இவற்றின் காரம் மூக்கில் சுரீரென்று ஏறுவது வேறொரு நரம்பின் வழியாக. வாசனையை முழுவதும் இழந்தவருக்கும் அது தெரியும். "விக்ஸ் தெரியுதே, மூக்கு நல்லாத்தான் இருக்கு" என்று பலர் ஏமாறுவது இதனால்தான்.

இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல. மருத்துவரிடம் போகலாமா என்று முடிவுசெய்ய மட்டுமே உதவும். முதலில் பார்க்க வேண்டியவர் காது மூக்கு தொண்டை மருத்துவர். சைனஸ், மூக்கில் சதை வளர்ச்சி, புகைப் பழக்கம், பைக்கிலிருந்து விழுந்து தலையில் பட்ட அடி என்று காரணங்கள் பல. சிலவற்றை முழுதாகவே சரிசெய்துவிடலாம். கிருமித் தொற்றுக்குப் பின் இழந்த வாசனைக்கு முகர்வுப் பயிற்சி உதவுகிறது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் காலை மாலை முகர்ந்து பழகும் முறையை, 12 வாரம் செய்து பார்த்து 2009-இல் வெளியிட்டவர் ஜெர்மனியின் தாமஸ் ஹும்மல்.

பார்க்கின்சனையோ அல்சைமரையோ வரவிடாமல் தடுக்கும் மருந்து இன்று இல்லை. பார்க்கின்சன் மாத்திரை உடலின் இறுக்கத்தைக் குறைக்கும், வாசனையை மீட்டுத் தராது. ஆனாலும் முன்கூட்டியே தெரிந்தால் சரியான நேரத்தில் சிகிச்சையைத் தொடங்கலாம், விழுந்து எலும்பு முறியாமல் காக்கலாம், சொத்து, பென்ஷன் காரியங்களை அவர் தெளிவாக இருக்கும்போதே முடிக்கலாம். வாசனை தெரியாதவர் தனியாக இருக்கும் வீட்டில் கேஸ் கசிவைக் காட்டும் கருவி ஒன்று பொருத்துவதை இன்றே செய்யலாம். சிலிண்டர் கேஸில் நாற்றம் கலப்பதே மூக்கை நம்பித்தான்.

மூன்று மாதத்துக்கு மேல் வாசனை தெரியாமல் இருந்தாலோ, அதோடு மேலே சொன்ன அறிகுறிகளில் ஏதாவது சேர்ந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். விருத்தாசலம் அரசு மருத்துவமனையில் தொடங்குங்கள். தேவைப்பட்டால் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மரின் நரம்பியல் பிரிவுக்கோ செல்லுங்கள். மனம் சோர்ந்திருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல், வாசனை எப்போதிலிருந்து குறைந்தது என்பதையும் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதையும் நீங்களாகவே சொல்லுங்கள்.