மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேர்

1968 பிப்ரவரி 1. அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரம். கொட்டுகிற மழையில் ஒரு குப்பை லாரி போய்க்கொண்டிருக்கிறது. டிரைவர் பக்கத்தில் இடமில்லை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளிகள் லாரியின் பின்பக்கம், குப்பையை அழுத்தும் இயந்திரத்துக்குள் ஒதுங்கினார்கள். திடீரென்று அது தானாகவே ஓட ஆரம்பித்தது.

அவ்வளவுதான்.

லாரி சரியில்லை என்று தொழிலாளிகள் ஏற்கெனவே புகார் சொல்லியிருந்தார்கள். (எந்த ஊராயிருந்தால் என்ன, ஆபீஸ் ஆபீஸ்தானே!) செத்தவர்கள் குடும்பத்துக்கு நகர நிர்வாகம் கொடுத்தது ஒரு மாதச் சம்பளம், ஈமச் செலவுக்கு 500 டாலர்.

பிப்ரவரி 12-ல் சுமார் 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. அவர்கள் பார்த்த வேலையைக் கேளுங்கள். ஓட்டைத் தொட்டியைத் தலையில் சுமந்து வீடு வீடாகக் குப்பை எடுக்கணும். அழுக்குத் தண்ணீர் முதுகில் வழியும். மழை பெய்தால் 'வீட்டுக்குப் போ' என்று அனுப்பிவிட்டுச் சம்பளத்தில் வெட்டு. வெள்ளைக்கார மேஸ்திரிக்கு மட்டும் முழுச் சம்பளம்! வாரம் முழுக்க உழைத்தும் பல பேர் அரசாங்க உதவி வாங்கும் அளவுக்கு ஏழைகள்.

ஊர்வலத்தில் அவர்கள் பிடித்த அட்டையில் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 'நான் ஒரு மனிதன்' - அவ்வளவே. அறுபது வயசுக்காரரையும் 'டேய் பையா' என்று கூப்பிட்ட ஊர் ஸார் அது.

மார்ட்டின் லூதர் கிங் வந்தார். 1964, 1965 சட்டங்களால் சம உரிமையும் ஓட்டும் கைக்கு வந்தாச்சு. ஓட்டலில் வெள்ளைக்காரர் பக்கத்தில் உட்காரலாம். சாப்பிடக் காசு எங்கே என்று கேட்டார். கறுப்பர், வெள்ளையர், செவ்விந்தியர் என்று எல்லா ஏழைகளையும் சேர்த்து வாஷிங்டனுக்குக் கிளம்ப ஏற்பாடு நடந்துகொண்டிருந்த நேரம். 'இப்போ மெம்ஃபிஸ் எதுக்கு?' என்று கூட இருந்தவர்களே தடுத்தார்கள். கேட்கவில்லை. ஏப்ரல் 4 சாயங்காலம், லோரெய்ன் மோட்டல் பால்கனியில் நின்றவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

பிடிவாதமாக இருந்த மேயர் ஹென்றி லோப் நிர்வாகம் ஏப்ரல் 16-ல் இறங்கி வந்தது. சங்கத்துக்கு அங்கீகாரம், சம்பள உயர்வு. இதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் முற்போக்குக் கட்சிக்காரர்கள் இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருப்பது இந்த மெம்ஃபிஸ் கணக்கைத்தான். நிறத்தை விட்டுவிட்டுக் கூலியைப் பேசாதே, கூலியை விட்டுவிட்டு நிறத்தைப் பேசாதே. 2018-ல் பாதிரியார் வில்லியம் பார்பரும் சகாக்களும் கிங்கின் ஏழைகள் இயக்கத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். கூலியை ஏற்றினால் சின்னக் கடைக்காரர் ஆளைக் குறைப்பார் என்று எதிர்க்கட்சி சொல்கிறது. இருக்கலாம். ஆனால் 2009-ல் மணிக்கு 7.25 டாலர் என்று வைத்த மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2025 வரை ஒரு சென்ட் ஏறவில்லையே! விலைவாசி சும்மா இருந்ததா?

சொத்துக் கணக்கு இன்னும் மோசம். 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கில் நடுத்தர வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். கறுப்பர் குடும்பத்துக்கு 44,900.

மெம்ஃபிஸ் தொழிலாளிகளுக்கு வருவோம். ஸ்டிரைக்கில் ஜெயித்தவர்களுக்கு நகரத்தின் பென்ஷன் இல்லாமலே போனது. எண்பது தாண்டியும் ஒருவர் குப்பை லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். 2017-ல்தான், உயிரோடிருந்த கொஞ்சம் பேருக்குத் தலைக்கு 50,000 டாலர் தருவதாக அறிவித்தார் அப்போதைய மேயர். ஸ்டிரைக் நடந்து 49 வருஷம்.