தாளில் நிலைபெறும் முகங்கள்

இலங்கை மலையகத்தின் பூண்டுலோயா நகரிலும் அதனைச் சூழ்ந்த டன்சினன், சீன் முதலிய தேயிலைத் தோட்டங்களிலும் திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா, மாசி மாதத்துக் காமன் கூத்து ஆகியவற்றின் படங்கள் இன்று பெரும்பாலும் கையடக்கத் தொலைபேசியில் எடுக்கப்பட்டு அதிலேயே தங்கிவிடுகின்றன. அவற்றுள் ஒன்றைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதற்கென ஸ்டூடியோவுக்கோ அச்சுக் கடைக்கோ கொண்டு செல்லும்போதுதான், திரையில் பளிச்சென்று தோன்றிய படம் தாளில் இருண்டும், தெளிவு குன்றியும், ஓரத்தில் நின்றவரின் தோளோ முன்வரிசைப் பிள்ளைகளின் பாதங்களோ வெட்டுப்பட்டும் வருவது தெரிகிறது. இக்குறைகளுக்கு அச்சு இயந்திரத்தைப் பழிப்பது வழக்கமாயினும், அவற்றில் பெரும்பாலானவை கோப்பைக் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சில எளிய வேலைகள் விடுபட்டதால் நேர்பவை.

மலையகத்தில் புகைப்படக்கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1875 ஆம் ஆண்டு கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879 ஜனவரியில் டிக்கோயாப் பகுதியின் தோட்டமொன்றில் காலமாகி, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இலங்கையில் அவர் படமெடுத்த உழைக்கும் மக்கள் பலரின் பெயர்கள் பதிவாகாமலே போயின. அக்காலத்தில் இரசாயனம் பூசிய கண்ணாடித் தகட்டில் எதிர்ப்படம் எடுத்து, அதனை ஒளியுணர் தாளின் மீது வைத்து வெயிலில் காட்டியே படி எடுத்தனர் என்பதால், தகடு எவ்வளவு பெரியதோ படமும் அவ்வளவே பெரியதாக இருந்தது. டிஜிட்டல் படத்துக்கு அவ்வாறான பிறவி அளவு எதுவும் இல்லை. அது எந்த அளவுத் தாளைத் தாங்கும் என்பதை, பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளின் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது.

கையில் வைத்துப் பார்க்கும் படம் தெளிவாக இருக்க, ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 300 படப்புள்ளிகள் வேண்டும். ஆகவே 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200க்கு 1800 புள்ளிகள் போதும். 4000க்கு 3000 புள்ளிகள், அதாவது 12 மெகாபிக்சல் கொண்ட தொலைபேசிப் படத்தை 13க்கு 10 அங்குலம் வரை தயக்கமின்றி அச்சிடலாம். சற்றுத் தொலைவிலிருந்து பார்க்கப்படும் சுவர்ப் படத்துக்கு அங்குலத்துக்கு 150 முதல் 200 புள்ளிகளே போதுமானவை. இவ்வளவு வளமான கோப்பு வீணாவது பெரும்பாலும் அது பயணம் செய்யும் வழியில்தான். வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பப்படும் படம், தரவைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு, நீண்ட பக்கத்தில் ஏறத்தாழ 1600 புள்ளிகளாகச் சுருக்கப்படுவதால், அதனை 8க்கு 12 அங்குலமாகப் பெருக்கும்போது கண்ணிமையும் சேலைக் கரையும் கலங்கிப் போகின்றன. அதே படத்தை 'ஆவணம்' என்ற தெரிவின் வழியாக அனுப்பினாலோ, பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாலோ ஒரு புள்ளியும் குறையாது. படம் வேறொருவரின் தொலைபேசியில் எடுக்கப்பட்டதாயின், பகிரப்பட்ட படியை விட்டு, எடுத்தவரிடமிருந்தே மூலக் கோப்பைக் கேட்டுப் பெறுவது நல்லது. திருத்தங்களையும் அதன் நகல் ஒன்றிலேயே செய்ய வேண்டும். ஜேபெக் வகைக் கோப்பு திருத்திச் சேமிக்கப்படும் ஒவ்வொரு முறையும் சிறிது தரம் இழக்கக்கூடியது.

படத்தின் நீள அகல விகிதம் அடுத்துக் கவனிக்க வேண்டியது. தொலைபேசிக் கமெரா பொதுவாக 4க்கு 3 என்ற விகிதத்தில் படமெடுக்க, 4க்கு 6 அங்குலத் தாளின் விகிதமோ 3க்கு 2 ஆகும். தாள் முழுவதையும் நிரப்புமாறு இயந்திரத்துக்குக் கட்டளையிட்டால், 3000 புள்ளி உயரமுள்ள படத்தில் 333 புள்ளிகள், அதாவது ஒன்பதில் ஒரு பங்கு, வெட்டப்பட்டுவிடும். லயன் எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டுக்கு முன்னால் தாத்தா பாட்டி நாற்காலியில் அமர, மக்கள் பின்னே நிற்க, பேரப்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எடுத்த படத்தில் அந்த ஒரு பங்கு பிள்ளைகளின் கால்களாகவோ பின்வரிசையின் உச்சந்தலையாகவோ அமைந்துவிடுகிறது. எந்த ஓரத்தை விடலாம் என்பதை வீட்டிலேயே தீர்மானித்து, விகிதத்தைக் குறித்து வெட்டிய பின்னரே கோப்பைக் கொடுக்க வேண்டும். எதையும் விட மனமில்லாதபோது, வெள்ளை ஓரம் விட்டு முழுப் படத்தையும் அச்சிடுமாறு கேட்கலாம். கடவுச்சீட்டுப் படம் இவ்விதிகளுக்குப் புறம்பானது; அதனை அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மலையகப் படங்களுக்கே உரிய சிக்கல் மூடுபனியால் வருவது. கமெராவின் ஒளிமானி, தன்முன் உள்ள காட்சி சராசரிச் சாம்பல் நிறமுடையது என்ற அனுமானத்தில் இயங்குவதால், வெண்பனி நிறைந்த பின்னணியைக் கண்டதும் வெளிச்சம் மிகுந்துவிட்டதாகக் கொண்டு படம் முழுவதையும் இருட்டாக்குகிறது. பனி சாம்பலாகிறது, கொழுந்துக்கூடையோடு நிற்கும் பெண்ணின் கரிய முகம் நிழலில் அமிழ்ந்து, கண்களும் மூக்குத்தியும் மறைகின்றன. ஒளிரும் திரையில் இக்குறை ஓரளவு மறைந்திருக்கும். தாளோ தன்மீது விழும் ஒளியைத் திருப்பித் தருவது மட்டுமே ஆதலால், அதில் இருள் மேலும் கனக்கிறது. ஆகவே திரையின் வெளிச்சத்தைப் பாதியளவுக்குக் குறைத்து வைத்துப் படத்தைப் பார்த்து, நிழற்பகுதியை மட்டும் சிறிது உயர்த்தித் திருத்த வேண்டும். நிழலை உயர்த்துவதும் தோலை வெளுப்பாக்குவதும் வேறு வேறு செயல்கள். அழகூட்டும் செயலிகளும் சில ஸ்டூடியோக்களின் பழக்கமும் கரிய முகத்தை வெளுக்கச் செய்து, வெயிலிலும் மழையிலும் உழைத்த முகத்தின் கோடுகளைத் துடைத்துவிடுகின்றன. அவ்வாறு வெளுத்த முகம் அம்மனிதருடையதே அன்று. அச்சிடக் கொடுக்கும்போது முகத்தில் திருத்தம் எதுவும் செய்ய வேண்டாம் எனத் தெளிவாகச் சொல்லிவிடுவது அவசியம்.

தேயிலை மலையின் பசுமையும் தாளில் சிறிது அடங்கியே வரும். திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளைக் கலந்து நிறம் காட்ட, அச்சு மைகள் ஒளியின் ஒரு பகுதியை விழுங்கி நிறம் காட்டுவதால், திரையின் மின்னும் பச்சை சிலவற்றை மையால் எட்ட முடிவதில்லை. பச்சையை மேலும் ஏற்றுவதால் கொழுந்தும் முற்றலும் ஒரே நிறமாகிவிடும். பெரிய அளவில் அச்சிடுவதற்கு முன் ஒரு சிறு படியை எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை.

வீட்டில் இன்க்ஜெட் இயந்திரத்தில் அச்சிடுவோர், புகைப்படத் தாளை வைத்துவிட்டு அமைப்பில் 'சாதாரணத் தாள்' என்றே விட்டுவிடும் தவறு பரவலானது. தாளின் வகைக்கேற்பவே மையின் அளவு மாறுவதால், அதனைச் சரியாகக் குறிக்காவிடின் நிறம் திரிந்துவிடும். நீரில் கரையும் சாய மையால் அச்சிட்ட படம் ஈரம் பட்டால் கசியும். நுண்துகள் மை அதனைவிட நன்கு தாங்கும். ஒளியுணர் தாளில் லேசர் ஒளி பாய்ச்சி இரசாயனத்தில் கழுவியெடுக்கும் லேப் படமே, தென்மேற்குப் பருவமழையின்போது சுவர்களே வியர்க்கும் லயன் அறைகளுக்கு ஏற்றது எனலாம். எவ்வகைப் படமாயினும் ஒரு நாள் முழுவதும் உலரவிட்டு, கண்ணாடியில் ஒட்டாதபடி இடையில் அட்டை விளிம்பு வைத்துச் சட்டமிட்டு, வெளிச்சுவரைத் தவிர்த்து உட்சுவரில் மாட்டினால் பூஞ்சணம் பிடிப்பது பெரிதும் குறையும்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் புதுப்பிக்கும் வேலை இதனினும் பொறுமையை வேண்டுவது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தமிழருள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவுசெய்ததன் விளைவாக, உடன்பிறந்தவர்களே பிரிந்து, ஒரு கிளை இத்தோட்டங்களிலும் மறுகிளை கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களிலும் வாழும் குடும்பங்கள் பல; பிரிவதற்கு முன் ஸ்டூடியோவில் எடுத்த படம் அவர்களுக்கு ஈடற்றது. அதனை அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்தால், 2க்கு 3 அங்குல மூலத்திலிருந்து 4க்கு 6 அங்குலப் படியைத் தெளிவாகப் பெற்று இரு கரையிலும் வைத்துக்கொள்ளலாம். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியோடே ஸ்கேன் செய்ய வேண்டும்; ஈரத்துணியால் துடைத்தால் ஜெலட்டின் படலம் உருவத்தோடு உரிந்துவரும். மூலப் படத்தை ஒருபோதும் லெமினேட் செய்யலாகாது. நகலுக்கு அது தீங்கில்லை. ஸ்கேனர் கிடைக்காத இடத்தில், மேகமூட்டமான பகலில் சன்னலோரம் வைத்து, தொலைபேசியை நேர் மேலே பிடித்து எடுக்கலாம். பனிக்கால வெளிச்சம் நிழலின்றிச் சீராகப் பரவுவதால் இதற்கு மிகவும் உகந்தது.

படி தயாரானதும், படத்தில் உள்ளவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக, உறவுமுறை, தோட்டம், ஆண்டு ஆகியவற்றுடன் பின்புறத்தில் எழுதிவைக்க வேண்டும். அடையாளம் சொல்லக்கூடிய மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதுவது முக்கியம். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் அந்தக் கோடுகள் முகத்தின் மீது மேடாகத் தெரியும் ஆதலால், மென்மையான பென்சிலே ஏற்றது. பின்புறம் வழுவழுப்பாக இருந்து பென்சில் பதியாவிடின், விவரங்களைத் தனித் தாளில் எழுதிச் சட்டத்தின் பின்னட்டையில் ஒட்டிவிடலாம்.