எடை போச்சு... தோல் போகலையே!



உடம்பு இளைப்பது எப்படி என்று நம் பக்கத்தில் எத்தனையோ சகோதரிகள் எழுதிவிட்டார்கள். கொள்ளு ரசம், வாழைத்தண்டு சாறு, ராத்திரி சப்பாத்தி, விடியற்காலை நடை... எல்லாம் படித்தாயிற்று. ஆனால், நிஜமாகவே முப்பது, நாற்பது கிலோ இளைத்த பிறகு அந்தப் பெண்ணின் உடம்பு என்ன பாடு படுகிறது என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் கும்மிடிப்பூண்டியில், எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். "பேரைப் போடாம எழுதும்மா, நாலு பேருக்கு உபயோகமா இருந்தா சரி" என்று அவரே சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

அக்காவுக்கு வயது 39. இரண்டு பிள்ளைகள். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் கான்ட்ராக்ட் வேலை. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்ய வேண்டும். எடை 108 கிலோ இருந்தார். சர்க்கரை, மூட்டு வலி. "இப்படியே போனா நாற்பத்தஞ்சுல முட்டி மாத்தணும்" என்று டாக்டர் சொன்ன அன்றிலிருந்து பிடிவாதமாக இறங்கினார். சோற்றைப் பாதியாக்கினார். டீக்குச் சர்க்கரையை விட்டார். தினமும் ஒரு மணி நேரம் நடந்தார். இரண்டே வருஷத்தில் 66 கிலோ! கம்பெனி பஸ்ஸில் ஏறினால் எல்லோரும் அதிசயமாகப் பார்த்தார்கள்.

ஆனால் அக்கா முகத்தில் சந்தோஷம் இல்லை. ஒருநாள் கேட்டதற்கு, "வெளியில பாக்கறவங்களுக்கு நான் இளைச்சுட்டேன். உள்ள, காத்துப் போன பலூன் மாதிரி இருக்கேன்டி" என்றார். வயிற்றுத் தோல் மடிந்து தொடை வரை தொங்கியது. அந்த மடிப்புக்குள் வியர்வை தங்கி, புண்ணாகி, நாற்றம் வேறு. யூனிஃபார்ம் பேன்ட் உரசி உரசி ரத்தமே வந்துவிடும். நம் ஊர் சித்திரை வெயிலைக் கேட்கவே வேண்டாம்.

வீட்டில் சொன்னால், "ரெண்டு புள்ள பெத்தவளுக்கு இந்த வயசுல அழகு ஒரு கேடா?" என்று மாமியார் கேட்டார். வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. இங்கேதான் சகோதரிகளே, நாம் நின்று யோசிக்க வேண்டும். இது அழகுப் பிரச்னையா, ஆரோக்கியப் பிரச்னையா?

தோல் ஏன் தொங்குகிறது?

நம் தோலுக்குள் கொலாஜன், எலாஸ்டின் என்று இரண்டு வகை நார்கள் இருக்கின்றன. ஒன்று உறுதி தருவது; இன்னொன்று ரப்பர் மாதிரி இழுத்துச் சுருங்குவது. பல வருஷம் பருமனாக இருக்கும்போது இந்த நார்கள் இழுபட்டு இழுபட்டு நைந்துபோகின்றன. பழைய உள்பாவாடை எலாஸ்டிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு கரைந்தாலும் தோல் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. வயது, பிரசவங்கள், புகைப்பழக்கம், எத்தனை கிலோ குறைந்தது என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். ஐந்து, பத்து கிலோ குறைத்தவர்களுக்குப் பெரும்பாலும் பயமில்லை. நாற்பது, ஐம்பது கிலோ குறைத்தவர்களுக்கு, அதிலும் இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்து வேகமாக இளைத்தவர்களுக்கு, வயிறு, கை, தொடை, மார்பு என்று எல்லா இடத்திலும் தொங்கும்.

இது ஒருவர், இருவர் பிரச்னையும் இல்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை உள்ளவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் (2015-16) இது 30.9 சதவீதம். இளைக்கப் பாடுபடும் பெண்களும் அந்த அளவுக்குப் பெருகுவார்கள் அல்லவா?

கிரீம் தடவினால் போகுமா?

அக்கா முதலில் போனது ஒரு 'ஸ்லிம்மிங்' நிலையத்துக்கு. "பத்து சிட்டிங், மெஷின் வைத்தால் தோல் இழுத்துக்கொள்ளும், கூடவே கிரீம்" என்றார்களாம். அறுபதாயிரம் ரூபாய். நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். நான்தான், "முதல்ல ஒரு டாக்டரைப் பாத்துட்டு வருவோம்கா" என்று தடுத்தேன்.

டாக்டர் சொன்னது இதுதான். இலேசான தளர்ச்சிக்கு மெஷின் ஓரளவு உதவலாம். தொடை வரை மடிந்து தொங்கும் தோலை எந்தக் கிரீமும், பெல்ட்டும், எண்ணெயும் உள்ளே இழுக்காது. உடற்பயிற்சி தசையை வலுவாக்கும். மிஞ்சிய தோலைக் கரைக்காது. கொழுப்பை உறிஞ்சும் 'லைப்போசக்ஷன்' கூட கொழுப்பைத்தான் எடுக்கும், தோலை எடுக்காது. வேண்டாத தோலை வெட்டி எடுப்பது ஒன்றுதான் வழி. அதைச் செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜன்.

'பிளாஸ்டிக்' என்றதும் நம்மவர்கள் சினிமா நடிகைகளைத்தான் நினைக்கிறார்கள். அந்தச் சொல் 'உருவம் கொடுப்பது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஸ்டவ் வெடித்துக் கருகிய பெண்களுக்குக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் தோல் ஒட்டுவதும், நம் சிப்காட்டில் மெஷினில் விரல் போன தொழிலாளிக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கையைச் சரிசெய்வதும் இந்தப் பிரிவுதான். ஸ்டான்லியின் கை அறுவை சிகிச்சைப் பிரிவை உருவாக்கிய பேராசிரியர் ஆர். வெங்கடசுவாமியை மருத்துவ உலகமே அறியும்.

அதே ஸ்டான்லியில் 2018 பிப்ரவரியில், மார்பகச் சீரமைப்பு சிகிச்சையை இலவசமாகச் செய்யும் பிரிவை அப்போதைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர் தொடங்கி வைத்தார். "அரசுப் பணத்தில் அழகு சிகிச்சையா?" என்று அப்போதும் கேட்டார்கள். மார்பு அளவுக்கு மீறிப் பருத்துத் தோள் வலியிலும் முதுகு வலியிலும் கிடக்கும் ஏழைப் பெண்ணுக்கு அது அழகு சிகிச்சையா, வலிக்கு வைத்தியமா? பிரேசில் நாட்டு டாக்டர் இவோ பிட்டாங்கி உலகப் பணக்காரர்களுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவர். அவரே ரியோ நகரத் தர்ம ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்கும் இந்தச் சிகிச்சையைச் செய்தார். உடம்பைப் பற்றிய வேதனைக்குப் பணக்காரி, ஏழை என்ற பேதம் கிடையாது.

உடனே கத்தி வைக்கமாட்டார்கள்

அக்காவை நாங்கள் அழைத்துப் போனது சென்னையில் ஒரு அரசு பெரிய ஆஸ்பத்திரிக்கு. மின்சார ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். பார்த்த அன்றே தேதி கொடுக்கவில்லை. எடை ஏறாமல் இறங்காமல் ஆறு மாதமாவது நிற்க வேண்டும் என்றார்கள். மூன்று மாத சர்க்கரை அளவு கட்டுப்பாட்டுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் புண் ஆறாது. ரத்தம் குறைவாக இருந்ததால் அதையும் சரிசெய்யச் சொன்னார்கள். முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் நிறையச் சாப்பிடச் சொன்னார்கள். இனிமேல் குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதற்குப் பிறகுதான் வயிற்று ஆபரேஷன் என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அதுவரை புண்ணுக்கு என்ன செய்வது? மடிப்புகளை தினமும் இரண்டு வேளை கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, மெல்லிய பருத்தித் துணியை மடித்து இடையில் வைக்கச் சொன்னார்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் 'படை கிரீம்' மட்டும் வேண்டவே வேண்டாம். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதலில் அரிப்பு அடங்குவது போலிருக்கும். பிறகு தோல் மெலிந்து, படை இன்னும் பரவும்.

ஏழு மாதம் கழித்து ஆபரேஷன். முழு மயக்கம் கொடுத்து, நாலு மணி நேரம். இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை அடிவயிற்றில் வெட்டி, தொங்கிய தோலை எடுத்து, விலகியிருந்த வயிற்றுத் தசையை இழுத்துத் தைத்து, தொப்புளைப் புது இடத்தில் வைத்தார்கள். எடுத்தது மட்டும் மூன்றரை கிலோ! நீர் கட்டாமல் இருக்க இரண்டு பக்கமும் குழாய். காலில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க மறுநாளே பிடித்து நடக்க வைத்தார்கள். பத்து நாள் கூனிக்கொண்டுதான் நடந்தார். ஆறு வாரம் இடுப்புப் பெல்ட். குடம் தூக்கக் கூடாது, குனிந்து பெருக்கக் கூடாது. ஒரு ஓரத்தில் தையல் பிரிந்து, மூன்று வாரம் கூடுதலாகக் கட்டுப் போட வேண்டியிருந்தது. தழும்பு இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டியது போல இருக்கிறது. மங்குமே தவிர, மறையாது. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

வயிற்றுக்குப் பாடு?

இரண்டு மாதம் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரிய வேண்டுமே! இதை நம் பகுதி சகோதரிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு, கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும், ஈ.எஸ்.ஐ. உண்டு. குறைந்தது 78 நாள் சந்தா கட்டப்பட்டு, ஈ.எஸ்.ஐ. டாக்டர் சான்று கொடுத்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அக்காவுக்கு அதுதான் கை கொடுத்தது. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, நம் நம்பர் என்ன என்று இன்றே பார்த்து வையுங்கள்.

தனியார் மருத்துவ இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு செய்யும் சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரடி ஆபத்தை நீக்கத் தேவை என்று டாக்டர் சான்று கொடுத்தால் அதற்கும் விதிவிலக்கு உண்டு. அதனால் புண் வந்த ஒவ்வொரு முறையும் டாக்டரைப் பார்த்துச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அவசரம் உயிருக்கு ஆபத்து

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2015 ஜூனில் தெலுங்கு நடிகை ஆர்த்தி அகர்வால், கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்குச் சில வாரங்கள் கழித்து அமெரிக்காவில் இறந்தார். 2022 மே மாதம் பெங்களூரில் கன்னட டி.வி. நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்கும் சிகிச்சையை அடுத்து இறந்தார். வயது 21! 2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைப்பு ஆபரேஷனின்போது புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்தார்; அரசு விசாரணை நடத்தி, அந்த மருத்துவமனையின் அனுமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் இந்தக் கேள்விகளை வாய் திறந்து கேளுங்கள்:

1. ஆபரேஷன் செய்யப்போகிறவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. படித்தவரா?

2. மயக்க மருந்து டாக்டர் முழு நேரமும் உடன் இருப்பாரா? தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே இருக்கிறதா?

3. மருத்துவமனைக்கு அரசின் பதிவுச் சான்று இருக்கிறதா?

4. ரத்தம் உறைதல், நீர் கட்டுதல், தையல் பிரிதல் நேர்ந்தால் யார் பார்ப்பார்கள்? அதற்குத் தனிக் கட்டணமா?

"ஒரே நாளில் வீட்டுக்குப் போகலாம், தழும்பே தெரியாது, இன்றே பணம் கட்டினால் பாதி விலை" என்று யாராவது சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

சிசேரியனுக்குப் பிறகு வயிறு சற்றுத் தொங்குகிறதே என்று கவலைப்படும் இளம் தாய்மார்களுக்கு: உங்களுக்கு இதெல்லாம் தேவைப்படாமலே போகலாம். ஒரு வருஷமாவது பொறுங்கள். மகப்பேறு டாக்டரைக் கேட்டு, அதற்கான பயிற்சிகளைச் செய்யுங்கள்.

திருவள்ளூரிலேயே 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. முதலில் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, எங்கே போக வேண்டும் என்று சீட்டு வாங்குங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு புண்ணை மறைத்தால் புண்தான் வளரும்.

கடைசியாக, மாமியார்களுக்கும் கணவன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். இத்தனை வருஷம் "குண்டு, குண்டு" என்று சொன்னவர்களே, ஒருத்தி கஷ்டப்பட்டு இளைத்து வந்து நின்றால், "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அக்காவுக்கு ஆறு வாரம் குடம் தூக்கியது அந்த வாய் திறக்காத வீட்டுக்காரர்தான். கட்டுத் துணியைத் துவைத்துப் போட்டது அதே மாமியார்தான். "இவ்ளோ புண்ணு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதேடி" என்று அந்த அம்மா கண் கலங்கியதை நான் பார்த்தேன். காட்டினால்தானே தெரியும்? சொல்லுங்கள் சகோதரிகளே, வாய் விட்டுச் சொல்லுங்கள்.

- ஒரு இல்லத்தரசி, கும்மிடிப்பூண்டி.